என் உள்ளங்கை ரிப்போர்ட்டை மேக்கப் ரூம் கதவில் ஒட்டச் சொன்னார்கள்

இன்று காலை கொல்கத்தா டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் மேக்கப் ரூம் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்!

"ரிப்போர்ட் கொண்டு வந்தியா?" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர் ஸ்வபன்தா. (கேட்டது வங்காளத்தில். உங்களுக்காகத் தமிழில் போடுகிறேன். 'தா' என்றால் அண்ணன்.)

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு சீரியலில் மேக்கப் அசிஸ்டென்ட். எட்டு மாதமாக என் இரண்டு உள்ளங்கைகளும் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிகின்றன.

மருந்துக்கடைக்காரர் ஒரு க்ரீம் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாஷிமா ஹோமியோபதி உருண்டை கொடுத்தார். (கொல்கத்தாவில் அதைச் சாப்பிடாமல் எந்த நோயும் குணமாக அனுமதி இல்லை!)

பிறகு ஒரு தோல் டாக்டர் எக்ஸிமா, ஊசி போடலாம் என்றார். இன்னொருவர் சோரியாசிஸ் என்றார். இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் கையும் போகும், வேலையும் போகும்.

கடைசியாக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் தீதி (அக்கா) ஒருவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளங்கையில ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மைக்ரோஸ்கோப்லயும் சில நேரம் ஏமாத்திடும். துளி தோல் எடுத்து ஜீன் எக்ஸ்பிரஷன் பார்க்கலாமா?"

எனக்குப் புரியவில்லை என்று முகமே சொல்லியிருக்கும்.

"நீ எங்க வேலை பார்க்கிற? ஸ்டுடியோவா? அப்ப சுலபம். எல்லா ஃப்ளோர்லயும் எல்லா லைட்டும் மாட்டித்தான் இருக்கும். எது எரியுது, எது அணைஞ்சிருக்குன்னு பார்த்தா என்ன சீன் எடுக்கிறாங்கன்னு சொல்லிடலாம் இல்லையா? ஜீனும் அப்படித்தான். சோரியாசிஸ்ல எரியிறது வேற, எக்ஸிமால எரியிறது வேற."

தலையாட்டினேன், துளி தோல் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து "ஜீன் டெஸ்ட்" என்று வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

"எங்க பொறந்த வீட்டுப் பக்கம் யாருக்கும் இப்படிக் கெடையாது. உங்கப்பா பக்கம் போய்க் கேளு!" என்றார் அம்மா.

"நான் என்னடி பண்ணேன்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா.

இது பரம்பரை விசாரணை இல்லை, இந்தத் தோலில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கும் சோதனை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அம்மா சமாதானம் ஆகவில்லை. (சொந்தக்காரர்களுக்கு போன் போயாயிற்று!)

இதற்கிடையில் செட்டில் ஹீரோயினாக ஒரு புது நடிகை சேர்ந்தாள். முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அந்தக் கை என் முகத்துல படக் கூடாது."

க்ளவ்ஸ் போடச் சொன்னார்கள். போட்டேன். உள்ளே வேர்த்து, மறுநாள் விரல் மடங்கவில்லை. கழற்றினேன். "ரிப்போர்ட் வந்தப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார் ஸ்வபன்தா. நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்தேன்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. சோரியாசிஸ்!

"எக்ஸிமா ஊசி ஆரம்பிக்காம இருந்தது நல்லதாப் போச்சு. இனி சரியான மருந்து" என்றார் டாக்டர் தீதி.

"ஒட்டாதுன்னு இதுல எழுதியிருக்கா தீதி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எக்ஸிமாவும் ஒட்டாது, சோரியாசிஸும் ஒட்டாது. அதுக்கு எதுக்கு இந்த டெஸ்ட்? இது உன் மருந்துக்கு."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட என் கை யாருக்கும் ஆபத்தாக இருந்ததில்லை. அப்புறம் எதற்கு நான்கு நாள் ஒளிந்திருந்தேன்?

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று நேற்றே சொன்னதால் கால்ஷீட்டில் என் பேர் வந்திருந்தது. இன்று காலைக்கு வருகிறேன்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. ஒட்டற நோய் இல்லை" என்றேன்.

"ரொம்ப நல்லது! ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கதவுல ஒட்டிடு. எல்லாரும் பார்த்துக்கட்டும், பிரச்னை முடிஞ்சுது." நிஜமாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"ஒட்டறேன் ஸ்வபன்தா. பக்கத்துல ஹீரோவோட ரிப்போர்ட்டையும் ஒட்டுங்க."

"ஹீரோவுக்கு என்ன?"

"போன மாசம் ஜொய் பாங்லாவோட வந்தாரே!" (நம் மெட்ராஸ் ஐதான். கண்வலிக்கு ஊர்ப் பெயர் வைப்பதில் இரண்டு ஊரும் ஒன்று!) "கூலிங் கிளாஸ் சீன் எழுதிக் கொடுத்தீங்க. அவர் முகத்துக்கு நான்தான் மேக்கப் போட்டேன். எனக்கும் வந்துச்சு. அவர்கிட்ட யார் பேப்பர் கேட்டது?"

லைட் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வபன்தாவின் முகம் சிவந்தது.

"ரொம்பப் பேசற. நாளைக்கு வேற பொண்ணைக் கூப்பிட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"கூப்பிடுங்க. இன்னைக்கு கால்ஷீட்ல என் பேர்தான் இருக்கு."

உள்ளே போனேன். கையைக் கழுவினேன். பிரஷ்களை அடுக்கினேன். க்ளவ்ஸ் போடவில்லை. புது நடிகை வாசலில் நின்றாள். நாற்காலி காலியாகவே இருந்தது.

ஃப்ளோரிலிருந்து டைரக்டரின் குரல். "ஷாட் ரெடி! ஹீரோயின் எங்க?"

வந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் மாதிரி. நான் வேலையைச் செய்தேன்.

முடித்ததும் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"லெஃப்ட் ஐலைனர் கொஞ்சம் தடிமனா இருக்கு."

பார்த்தேன். ஆமாம், தடிமன்தான்! நான்கு நாள் பழக்கம் விட்டுப்போன கை. துடைத்து மறுபடி போட்டேன். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை.

நாளைக்குக் கூப்பிடுவார்களா, தெரியாது. இதை எழுதும் வரை கால்ஷீட் மெசேஜ் வரவில்லை. வந்தால் இதே கையோடு போவேன். ஜெராக்ஸ் எடுக்க மாட்டேன்.

உங்கள் வேலையிடத்தில் யாரிடம் பேப்பர் கேட்கிறார்கள்? யாருக்கு கூலிங் கிளாஸ் சீன் எழுதிக் கொடுக்கிறார்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள்!