ரேடியோக்காரரும் எங்கள் வீட்டுக் கன்னியும்

பேய், சாமி, குறி எதையும் நான் நம்புவதில்லை. காரைக்குடியில் பதினோராம் வகுப்பு வரை படித்த திமிர் என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும். அறுபதுகளின் கடைசியில், எனக்கு இருபது வயது நடந்தபோது, அந்தத் திமிரில் ஒரு காரியம் செய்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அதைப் பழுது பார்க்க வருகிறவர்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் எங்கள் உறவுக்காரர்தான். வசதிதான் கிடையாது. அவரை வரவழைப்பதற்காகவே மாதம் ஒரு முறை பின்பலகையைக் கழற்றி ஒரு கம்பியைப் பிடுங்கி விடுவேன். நான்காவது தடவை வந்தபோது கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எல்லா வீட்டுலயும் எலி கண்டபடி கடிக்கும். இந்த வீட்டு எலி மட்டும் ஒரே வயரைத் தேடிப் பிடிச்சுக் கடிக்குது.”

எனக்குக் காதுவரை சூடேறியது. இவருக்கும் ஆசை இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதற்குள் அப்பா என்னைச் சிவகங்கையிலிருந்த அத்தை மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். அழுதேன், பட்டினி கிடந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அப்பா பயப்படுவது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் செத்து நூறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகாமல் இறந்துபோன எங்கள் வீட்டுப் பெண், கன்னி என்போம். வருஷம் ஒரு நாள் அவளுக்குப் புதுச்சேலை வைத்து, சோறு கறி சமைத்துப் படைப்போம்.

அந்த வருஷப் படைப்பில் சூடம் காட்டியதும் நான் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

“என்னையத்தான் கட்டிக் குடுக்காமச் சாக விட்டீக! இவளையும் அழுக விடுறீகளா? ரேடியோக்காரனுக்குக் குடுடா இவள!”

சொன்ன பிறகுதான் தப்பு உறைத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவளுக்கு ரேடியோ எப்படித் தெரியும்? ஒருத்தராவது கேட்க வேண்டாமா? “அவுக காலத்துல இல்லாத சாமானக்கூடச் சொல்றாக பாருங்க!” என்று, என்னை மருமகளாக்க வந்திருந்த அத்தையே கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். அந்த மாதமே ரேடியோக்காரருக்கும் எனக்கும் கல்யாணம்.

சாமி ஒரு தடவை வந்தவளை ஊர் சும்மா விடாது என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாட்டைக் காணோம், மலேயாவுக்குப் போனவன் கடிதாசி போடவில்லை. எனக்கு என்ன தெரியும்? “வரும்” என்பேன். சில சமயம் வந்தும் தொலைத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் புருஷன் என்னைக் கும்பிட ஆரம்பித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி என் காலைக் கழுவுவார். வியாழனும் வெள்ளியும் விரதம் என்று தன் ரேடியோக் கடையிலேயே படுக்கை. நான் என்ன பேசினாலும் கோபப்பட மாட்டார். எலியைக் கேலி பேசிய மனுஷன் எங்கே போனார்? எனக்கு அவர்தான் வேண்டும். பூசாரியைக் கட்டிக்கொள்ளவா அந்த ஆட்டம் ஆடினேன்?

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

“அன்னைக்கு எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. உங்களக் கட்டிக்கிறதுக்காக நடிச்சேன்.”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். இப்போதாவது கோபம் வரும் என்று ஆசையோடு காத்திருந்தேன். சிரித்தார். மேசைமேல் பேசிக்கொண்டிருந்த ரேடியோவைக் காட்டினார்.

“பேசுறது யாருன்னு இந்தப் பெட்டிக்குத் தெரியுமா? தானே பேசுறதாத்தான் அதுவும் நெனச்சுக்கிட்டிருக்கும்.”

ஆத்திரத்தில் கேட்டேன், “சரி, கன்னி அன்னைக்குச் சொல்லாட்டி? நீங்களா வந்து என்னையப் பொண்ணு கேட்டிருக்க மாட்டீகளா?”

அவருக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் அது என் இலாகா.

“உங்க அப்பா முன்னால வந்து நிக்க எனக்கு ஏது தைரியம்? ஆத்தா பாத்த தேவகோட்டைப் பொண்ணுக்குச் சரின்னு சொல்லிட்டேன். படைப்புக்கு மறுநாளு பரிசம் போடுறதா இருந்துச்சு. அவ மட்டும் வாயத் தொறக்கலைன்னா...” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னை விட்டுவிட இருந்தாரே என்று கோபம் வந்தது. இப்படி அழுகிறாரே என்று ஆசையும் வந்தது. ஒன்று மட்டும் விளங்கிற்று. இந்த மனுஷனிடம் நான் என்ன கேட்டாலும் நடக்காது. அவள் கேட்டால்தான் நடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே ஆடினேன். நேராக அவரைப் பார்த்தேன்.

“டேய், கட்டினவ காலக் கழுவாத! அவளோட சண்டை போடு. இது என் உத்தரவு!”

மறுநாள் மத்தியானம் இலை போட்டேன். குழம்பு அன்றைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு வாய் அள்ளிப் போட்டவர், வேர்த்து விறுவிறுத்து, “என்னடி கொழம்பு இது, உப்பா கரிக்குது!” என்று என்னை அதட்டினார். அதட்டிய கையோடு, பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.