வலது காதும் கொடுங்காயமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருசக்கணக்காகத் தயங்கினேன். எங்க பக்கம் பட்டாசு ஆபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், யாருக்கு என்ன அடிபட்டாலும் பெரிய வார்த்தை சொல்லக் கூடாது. "ஆத்தா புண்ணியத்துல லேசுதான்" என்றுதான் சொல்வோம். பெரிசாகச் சொன்னால், 'நான் காப்பாத்துனது உனக்குப் பத்தலையா' என்று இருக்கன்குடி மாரி கோபிப்பாள் என்று நம்பிக்கை. அது எனக்கு இன்றைக்கும் உண்டு.

என் வீட்டுக்காரி பட்டாசு ஆபீசில் திரி வைக்கிற வேலை பார்த்தாள். ஒருநாள் பக்கத்து ரூமில் மருந்து வெடித்து, நடுச்சுவர் இவள் பக்கம் விழுந்தது. கையில் சிராய்ப்பு, வலது காதோரம் கொஞ்சம் ரத்தம். கம்பெனி மேனேஜரே வேனில் ஏற்றி, அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரை வைத்துக்கொண்டு அவர் கேட்கிறார்:

"என்னக்கா, ஆத்தா புண்ணியத்துல லேசுதான?"

"லேசுதான் அண்ணாச்சி."

வேறு எப்படிச் சொல்வாள்? டாக்டர் சாதாரண காயம் என்று எழுதிவிட்டார்.

சிராய்ப்பு ஆறியது. காது ஆறவில்லை. இருக்கன்குடிக்குக் கும்பிடப் போனோம். கூட்டத்தில் அவள் வலப்பக்கம் நின்று, "திரை விலகுது, கும்பிடு" என்றேன். அசையவில்லை. தீபாராதனை முடிந்தபின், "ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்று சண்டைக்கு வந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

விருதுநகரில் காது டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். "நரம்பு போயிருச்சு. இந்தக் காது இனிக் கேக்காது. இதைச் சட்டத்துல கிரீவியஸ்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா என்னம்மா?"

"கொடுங்காயம். எலும்பு முறிஞ்சாலும் அதான், கண்ணு போனாலும் அதான், ஒத்தக் காது நிரந்தரமாப் போனாலும் அதான். ரத்தம் எம்புட்டு வந்துச்சுன்னு பாக்குறதில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சு எரிந்தது. இதற்கென்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. வேனில் ஏற்றியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டோடு, காயத்தைத் திருத்தி எழுதச் சொல்லி மனுக் கொடுத்தோம். சூலக்கரை அரசு அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அதிகாரியம்மா முன்னால் மேனேஜர் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரியின் வலப்பக்கம் வந்து நின்றார். "ஏக்கா, உங்க வாயாலதான லேசுன்னு சொன்னீக? இப்ப யாரு சொல்லிக்கொடுத்தா?"

அவள் நேரே பார்த்தபடியே இருந்தாள். அவர் மறுபடி கேட்டார். அதற்கும் திரும்பவில்லை. நான்தான் இடப்பக்கம் குனிந்து, அவர் கேட்டதைச் சொன்னேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, லேசுன்னு நான் ஆத்தாகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லலை."

அதிகாரியம்மா காது டாக்டரம்மா சீட்டை வாங்கிப் படித்தார். கொடுங்காயம் என்றே எழுதச் சொன்னார்.

எழுதி என்ன? "லேசான காயத்துக்கு ஊரைக் கூட்டுனவுக" என்று அந்த மனுசன் இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார். சாமி பயத்தில் வந்த வார்த்தையைச் சாட்சியாக்கிக்கொள்ள எப்படி மனசு வந்ததோ! ஆத்தா கேட்பாள். அதுவரைக்கும் நானும் கேட்பேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது மனசு கேட்காமல் எதையும் குறைத்துவிடாதீர்கள். அவளுக்கு நடந்தது கொடுங்காயம். அப்படியே சொல்லுங்கள்.