தாய்மாமன் மடி

முதுகு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையில் அது எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்துகொண்டு, இருமினாலும் திரும்பினாலும் தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மிளகாய்க் களத்தில் நடந்தது. காய்ந்த மிளகாயை மூட்டை பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஆள் போதவில்லை. ஓரமாக நின்று வேலை வாங்குவதே வழக்கமான எனக்கு, அன்றைக்கென்று வீரம் வந்துவிட்டது. குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கினேன். இடுப்புக்குள் ஏதோ கழன்றது. மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மழை பெய்யக்கூட இல்லை.

ராமநாதபுரத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இடுப்புக்கு பெல்ட் போடணும், எடை தூக்கக் கூடாது, தரையில் சம்மணம் போடவே கூடாது. பொறுமையாக இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார். பொறுமை எங்கள் வகையறாவிலேயே யாருக்கும் கிடையாது.

அதன் பிறகு நான் பட்டதெல்லாம் வலி பாதி, வெட்கம் பாதி. கைலியை உதறிக் கட்ட முடியாது. செருப்பை என் மனைவி குனிந்து மாட்டிவிடுவாள்; தெருவில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் காலை நீட்டுவேன். கக்கூசில் குத்தவைக்க முடியாததால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை டவுனிலிருந்து வாங்கிவந்தாள். அதை மூடிக் கொண்டுவந்திருக்கலாம். ஊர் பஸ்ஸில் எல்லோரும் பார்க்க மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "இது எதுக்கு மதினி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கமும் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரம் நான் வாசலுக்கு வரவில்லை.

இந்தக் கோபத்தையெல்லாம் கொட்ட எனக்கு ஒரு இடம் இருந்தது. வாலிநோக்கம் போகிற பாதையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி. தினமும் பொழுது சாயப் போன் போட்டுவிடுவேன். இன்று எங்கே இழுத்தது, எப்படி மரத்தது, டாக்டர் என்ன சொன்னார், அவளுடைய மதினி என்ன சொன்னாள் எல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு "ம்" கொட்டுவாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை அது.

அந்தப் பிள்ளைக்குத்தான் மாசியில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். எங்கள் பக்கம் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் முடி இறக்க வேண்டும், காது குத்த வேண்டும். மாமன் இல்லாத வீட்டில் வேறு யாராவது உட்காருவார்கள். அதைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

"அண்ணே, நீ சேர்ல உக்காந்து மடியில வச்சுக்க. அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

"சாமிக்கு முன்னால சேரா? நான் என்ன கலெக்டரா?"

"இல்லாட்டி பெரியப்பா மகன் உக்காரட்டும். நீ பக்கத்துல நில்லு."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

கோயில், கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. எங்கள் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். அங்கே ஆம்பளைகள் சட்டை போட்டுக்கொண்டு சாமி முன்னால் உட்காரக் கூடாது. எனக்கு இது மறந்தே போய்விட்டது. சட்டையைக் கழற்றினால் உள்ளே பெல்ட், பட்டை பட்டையாக, கம்பி வைத்துத் தைத்தது. சம்பந்திகள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். சிறுநீர் கழிக்கப் போகிறவனைப்போல் நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் போய், பெல்ட்டைக் கழற்றி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். நாவிதர் தண்ணீரைத் தொட்டுத் தடவியதுமே பயல் வில்லாக வளைந்து கத்த ஆரம்பித்தான். "மாமா, தலைய அசையாமப் புடிங்க" என்றார் நாவிதர். பிடித்தேன். முடி முழுவதும் இறங்குகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவனைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசத் தூக்கிக்கொண்டு போனதும், நானும் எழுந்திருக்கலாம் என்று ஒரு கையை ஊன்றினேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு வெட்டு வெட்டியது. வலது கால் என்னுடையதாகவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாமன் எப்படி அசையாம உக்காந்துருக்காரு பாருங்க, என்ன பக்தி!" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஆசாரி காது குத்தும் கம்பியை எடுத்துத் துடைத்தார். இனி அவன் என் மடிக்கு வருவான். ஊசி ஏறும்போது உதைப்பான். நான் அவனை விட்டுவிடுவேன். காதில் கம்பியோடு விட்டுவிடுவேன். அதை நினைத்ததும் மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது. தங்கச்சியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"என்னால முடியலத்தா" என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். வலியில் சத்தமாக வந்துவிட்டது. "புள்ளயக் கீழ விட்டுருவேன். பெரியப்பா மகனக் கூப்பிடு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். என் வெற்று முதுகை அத்தனை கண்களும் பார்ப்பது தெரிந்தது. அந்த நேரம் தரை பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

தங்கச்சி யாரையும் கூப்பிடவில்லை. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். தன் முதுகை என் முதுகோடு ஒட்டி வைத்தாள். "நல்லா சாஞ்சுக்கண்ணே. நான் இருக்கேன்" என்றாள்.

அவள் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, இங்கன என்ன செய்யிற? பெத்தவ பாத்தா மனசு தாங்காதுன்னுதான தள்ளி நிக்கச் சொல்றது!"

"நான் எங்க பாக்குறேன் அத்தை? அங்கிட்டுத் திரும்பில்ல உக்காந்துருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் சாய்ந்தேன். முதலில் கொஞ்சமாக, பிறகு முழுப் பாரத்தையும் போட்டே சாய்ந்தேன். சுவரில் சாய்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார முடிந்தது. பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கம்பி ஏறியபோது அவன் என் வயிற்றில் உதைத்து வீறிட்டான். பின்னால் அவள் முதுகு குலுங்கியது. வாய்விட்டு அழவில்லை. ஆனால் ஒவ்வொரு விம்மலும் என் முதுகில் வந்து பட்டது. இரண்டாவது காதுக்கும் அப்படித்தான்.

எல்லாம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. மாப்பிள்ளையும் இன்னும் சிலரும் கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்க வந்தார்கள். தங்கச்சி தடுத்தாள்.

"அப்படித் தூக்காதீங்க, இன்னும் புடிச்சுக்கிரும். அண்ணே, நீ மொதல்ல ஒருக்களிச்சுப் படு. முட்டிய மடக்கு. இப்பக் கைய ஊனி, மூச்ச விட்டுக்கிட்டே எந்திரி."

சொன்னபடி செய்தேன். ஜமுக்காளத்தில் உருண்டு, மண்டி போட்டு, பிறகு எழுந்து நின்றேன். ஆச்சரியமாக இருந்தது.

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? இவன் பொறந்ததுலருந்து நான் தெனம் காலையில இப்படித்தானண்ணே எந்திரிக்கிறேன்." தூணைப் பிடித்துக்கொண்டு அவளும் மெதுவாகத்தான் எழுந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. அவளுக்கு பெல்ட் இல்லை, ஸ்கேன் இல்லை, செருப்பு மாட்டிவிட ஆளும் இல்லை. அந்த முதுகின் மேல்தான் நான் அவ்வளவு நேரமும் கிடந்திருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் முடியவில்லை என்று சொன்னபோது பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"தெனம் போன்ல பேசுனமே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

அவள் மாமியாரிடமிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ எங்கண்ணே என்னயச் சொல்ல விட்ட?"