ஒரே வாயில் ஒன்பது மாத்திரை

போன வருஷம் ஆடி மாதம், காலை பத்தரை மணி இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியில் இருந்தபோது என் மனைவியின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் வேறு ஒரு பெண்ணின் குரல்.

“சார், பதறாதீங்க. உங்க வீட்டம்மா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் கிட்ட எங்க மெடிக்கல் ஷாப்புல உக்காந்துனு இருக்காங்க. கொஞ்சம் வர்றீங்களா?”

பதறாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பதற்றமே வரும். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மெட்ரோ வேலைக்காக வழியெல்லாம் தகரத் தடுப்பு. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனபோது, எதிரே வந்த அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்ட வேண்டிய ஆள் என் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தவன்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம் கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் கொரட்டூரில் எங்கள் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன். புரோட்டீன் பவுடர், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் என்று ஆரம்பித்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்றே மாதத்தில் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். உடம்பும் கொஞ்சம் இளைத்தது. கேட்க வேண்டுமா என் அலட்டலை! கண்ணில் படுகிறவனுக்கெல்லாம் ஆலோசனைதான்.

என் மனைவிக்கு எட்டு வருஷமாகத் தைராய்டு குறைபாடு உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரே ஒரு குட்டி மாத்திரை போடுவாள், அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் அந்த ஒற்றை மாத்திரையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் மட்டும் இத்தனை சத்து சாப்பிடுகிறேன், அவளுக்கு ஒன்றுமே இல்லையே என்று.

என் வேலையையும் சொல்ல வேண்டும். ஒரு பம்புக்குத் தேவையான நட்டு, போல்ட்டு, வாஷர், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் ஒரே டிரேயில் அடுக்கி, பொருத்துகிறவர்களிடம் அனுப்புவது. ஒன்று விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும், திட்டு விழும். இருபது வருஷமாக அதையே செய்த கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்புச் சத்து, வைட்டமின் எல்லாவற்றையும் ஒவ்வொரு அறையிலும் ஒன்றாகப் போட்டு நிரப்புவேன். காலை ஆறு மணிக்குத் தண்ணீரோடு அவள் எதிரே போய் நிற்பேன். ஒரே வாயில் போட்டு விழுங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது.

அவள் என் அத்தை மகள். அதனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அவளுக்கு மாமாதான். “இன்னா மாமா, காலங்காத்தால பந்தி மாதிரி பரப்பி வெச்சினுகீறே?” என்று சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவாள்.

நாலு மாதத்தில் அவள் சோர்ந்துபோனாள். உட்கார்ந்தால் தூக்கம். சித்திரை வெயிலில் ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நான் விடுவேனா? முடிக்கு ஒரு மாத்திரை, கால் வலிக்கு ஒரு மாத்திரை என்று கூட்டிக்கொண்டே போனேன். ஒன்பதில் வந்து நின்றது. டாக்டரிடம் போனோம். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, தைராய்டு சரியாகக் கட்டுப்படவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “இல்ல டாக்டர்” என்றேன். வைட்டமின் எல்லாம் மருந்தா என்ன, சாப்பாடு மாதிரிதானே என்ற நினைப்பு. அந்த ஒரு ‘இல்ல’யை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கரையான்சாவடியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்குப் பில் போடும் வேலை. பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டாள். கண்டக்டர் எழுப்பியதும் திடுக்கிட்டு இறங்கியவள் தலைசுற்றி விழுந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு பஸ் ரிவர்ஸ் வந்துகொண்டிருந்ததாம். அதே பஸ்ஸில் வந்த இந்த மெடிக்கல் ஷாப் பெண்தான் அவள் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு முழம் தள்ளி டயர். கேட்டதும் அவள் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“மூஞ்சி ஏன் இப்டி ஆயிப்போச்சு? நல்லாத்தான் கீறேன் மாமா” என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். நான் பெருமையாகப் போனை எடுத்து, நிரப்பிய பெட்டியின் படத்தைக் காட்டினேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவதற்காக எடுத்து வைத்திருந்த படம்! அவள் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“தைராய்டு மாத்திரையும் இதுங்களோடவே போடுறாங்களா சார்?”

கால்சியமும் இரும்புச் சத்தும் கூடவே உள்ளே போனால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இன்றைக்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் எல்லாம் படிச்சுட்டுத்தான்மா குடுக்கறேன்” என்று குரலை உயர்த்தினேன். உயிரைக் காப்பாற்றியவளிடம் இப்படிப் பேசுகிறோமே என்ற புத்திகூட இல்லை.

அப்போது என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர ஒண்ணும் சொல்லாதம்மா. என் நல்லதுக்குத்தான் குடுத்தாரு” என்றாள். முழங்கையில் ரத்தம் காயவில்லை, எனக்காக வக்காலத்து வாங்குகிறாள். நான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான் என்றார். ரத்தத்தைப் பார்த்து வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், அதுவரை தைராய்டு மாத்திரை மட்டும் பழைய அளவில் தனியாக, மீதியை எல்லாம் நிறுத்துங்கள் என்றார். இரண்டு மாதத்தில் அவள் பழைய ஆளாகிவிட்டாள், என்னைக் கிண்டல் செய்வது உட்பட.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இத்தனை மாத்திரை கஷ்டமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று.

“சொல்லலாம்னுதான் பாத்தேன் மாமா. ஆனா அந்தப் பொட்டி வர்றதுக்கு முன்னாடி, நீ என்னிக்காவது காலையில என் மூஞ்சியப் பாத்துட்டு வேலைக்குப் போயிருக்கியா? எதிர்ல நின்னுகினு, முழுங்கினியா முழுங்கினியான்னு கேப்ப பாரு, அத விட மனசு வரல.”

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது அவளுக்குக் காலையில் ஒரு மாத்திரைதான். அதைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம், பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவோம், சில நாள் சண்டையும் போடுவோம். அவளுக்கு என்ன குறை என்று ஊரில் உள்ள வீடியோவை எல்லாம் கேட்டவன், எதிரில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்பது மட்டும் இன்றைக்கும் மனசைச் சுடுகிறது.