இரண்டாம் குரல்: தெரியவில்லை

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண வீட்டுக்காக நாதஸ்வரக் கேசட் பதிந்துகொண்டிருந்தேன். காதில் ஹெட்போன் இருந்ததால் கடைக்காரர் மூர்த்தி அண்ணன் உள்ளே வந்தது எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் சுற்றிய மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் அவர் கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். பதிவு ஓடும்போது யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஸ்டெல்லா போயிருச்சு புள்ள. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில, வெடியக்காலம்" என்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், நிறுத்திய மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு முப்பத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே இருதயத்தில் குறை இருந்தது. படி ஏறினால் பாதியில் நின்று, மழை வருமா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குன்னூர் பேருந்து நிலையத்துக்கு மேலே, படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் கேசட் பதிவுக் கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவின் முகம் தெரியும். உங்களில் முகம் தெரியாதவர்கள்கூட அவர் எழுதிய சீட்டை வைத்திருப்பீர்கள். எங்கள் கடையில் பதிந்த ஒவ்வொரு கேசட்டின் டப்பாவுக்குள்ளும் நான்காக மடித்து வைத்த அந்தச் சீட்டைத்தான் சொல்கிறேன்.

பாடியவர் பெயர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அக்காவின் சீட்டில் பின்னால் இருந்து வாசித்தவர்கள் இருப்பார்கள். இந்த வயலின்காரர் எந்த ஊர், இந்தத் தவில்காரர் யாரிடம் பழகினார், இந்த ஆங்கிலப் பாட்டில் கிடார் வாசித்தவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்றெல்லாம் எழுதியிருப்பார். கோயில் மேளம், படுகர் ஆட்டப்பாட்டு, கூடலூர்க்காரர்கள் கேட்கும் மலையாளப் பாட்டு, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் கேட்கும் பைலா, இந்திப் படப்பாட்டு, எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. தெரியாததைக் கேட்டு அக்கா தபால் அட்டை போடுவார். பத்து அட்டைக்கு ஒரு பதில் வரும். சென்னையிலிருந்து ஒரு வயலின்காரர், "என் பெயரைக் கேட்டு இதுவரை யாரும் எழுதியதில்லை" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் கடைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

சிலர் கிண்டல் செய்வார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் மாதா மாதம் வந்து, "ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்குத்தான வந்தேன். பரீட்சைக்குப் படிக்கச் சொல்றீங்களே" என்பார். "படிக்காட்டிப் போங்க. கேசட்டை மட்டும் குடுத்துட்டுச் சீட்டை நானே வெச்சுக்கறேன்" என்று அக்கா கையை நீட்டுவார். அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். தேயிலை ஃபேக்டரியில் அம்மாவுக்குக் கை நசுங்கியதால் வீட்டில் ஆள் தேவைப்பட்டது. கை தேறிய பிறகு திரும்பிப் போக எனக்குக் கூச்சம். யாரோடும் பேச வேண்டியதில்லை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்பதால்தான் இந்தக் கடை வேலைக்கே வந்தேன். என் கையெழுத்தைப் பார்த்த அக்கா, கார்பன் தாளை என் பக்கம் தள்ளி, "இனிமே சீட்டு நகல் எடுக்கறது உன் வேலை" என்றார். மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து அழுத்தி எழுதினால் ஒரே தடவையில் மூன்று சீட்டு கிடைக்கும். சீட்டு எழுதுவதற்கு அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதோணும். அழகா இருக்குதேன்னு எதையும் சேத்தக் கூடாது."

அதை நான் மீறினேன். அந்தக் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். நடந்தது நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு வாசித்ததை ஒருவர் டேப்பில் பிடித்து வந்தார். எல்லாரும் அதைக் கேட்டார்கள். முப்பது கேசட் போட வேண்டியிருந்தது. வாசித்தவர் மருதை என்பது மட்டும் தெரியும். அக்காவால் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால் என்னை அனுப்பினார். நான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன், மருதையின் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்திருந்தது. எதிரே சுவரில் மீசை வைத்த ஒருவரின் படம், மாலை போட்டு, கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து, "தப்பு: மறைந்த மருதை" என்று எழுதினேன். முப்பது சீட்டும் போய்விட்டன.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், நெட்டையான ஒருவர் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் கடை வாசலில் வந்து நின்றார். "நான்தாங்க மறைந்த மருதை" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. டீ குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"செத்தவனுக்கு டீ எதுக்கும்மா? சரி, குடுங்க. கூடலூர்ல கட்டிக்குடுத்த மகள் இந்தச் சீட்டைப் பார்த்துட்டு, ரெண்டு பிள்ளையையும் இழுத்துக்கிட்டு, மாலையும் வாங்கிக்கிட்டு முதல் பஸ்ஸுக்கு வந்துட்டா. லயத்து முனையிலேர்ந்தே ஒப்பாரி. நான் மூஞ்சியில சோப்புப் போட்டுக்கிட்டுச் சவரம் பண்ணிக்கிட்டிருக்கேன். என்னைப் பார்த்ததும் அந்த மாலையாலேயே அடிச்சா பாருங்க, இன்னும் வலிக்குது."

அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, "அந்தப் படம் என் அண்ணன். நாங்க கப்பலேறினப்போ அவர் கண்டியிலேயே நின்னுட்டார். செத்த சேதி தந்தியில வந்துச்சு. போக முடியலை. ஊருல எத்தனை சாவுக்கு வாசிச்சிருக்கேன், அவருக்கு வாசிக்கலை. எனக்குத் தப்பு பழக்கினவரே அவர்தான்" என்றார்.

"அவரு பேரென்னங்க?"

"முனியாண்டி."

அக்கா அதைக் குறித்துக்கொண்டார். மருதை போன பிறகு அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. புதுத் தாளையும் கார்பனையும் எடுத்து வைத்தார். "தப்பு: மருதை. பழக்கியவர் அவருடைய அண்ணன், கண்டியில் மறைந்த முனியாண்டி. முன் சீட்டில் எழுதியது பிழை" என்று சொல்லச் சொல்ல முப்பது சீட்டு எழுதினேன். தபாலில் போட்டுவிடலாம் என்றார் மூர்த்தி அண்ணன். அக்கா ஒப்பவில்லை. "எழுதுன கைதான் கதவைத் தட்டோணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில், வெலிங்டனில், கோத்தகிரி லயங்களில். ஏற்றம் வந்தால் அக்கா கீழே உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பார். நான் தனியாக ஏறிக் கதவைத் தட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, பழைய சீட்டை வாங்கிக்கொண்டு இறங்குவேன். ஒரு வீட்டில் ஒரு பாட்டியம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். "செத்த மனுசனைப் பொழைக்க வெச்சுட்டு வாறயா கண்ணு? இந்தா, முறுக்குத் தின்னு" என்றார். எங்கள் லயத்துக்கு வெளியே ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது எனக்கு அந்த மாதம்தான் முதல் தடவை.

அக்காவை அடக்கம் செய்த அன்று பனிமூட்டம் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைக்கூட மறைத்திருந்தது. தேவாலயப் பாடகர் குழு பாடியது. நான் கேட்டுக்கு அருகில், மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். தோளில் ஒரு கை பட்டது. மருதை. அவர் கையில் சாக்கில் சுற்றிய தப்பு இருந்தது.

"தங்கச்சி, நான் வாசிக்கலாமான்னு உள்ளே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறியா? அவங்க வழக்கம் எனக்குத் தெரியாது. சும்மா நிக்கச் சொன்னாலும் நின்னுட்டுப் போறேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் அத்தனை பேர் நின்றார்கள். ஆனால் கேட்காமல் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும், குழுவை நடத்தும் சாமுவேல் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் போதகர் பக்கம் திரும்பி ஏதோ பேசினார். திரும்பி வந்து, "கேட்டுக்கு வெளிய நின்னு வாசிக்கட்டும்மா. ஸ்டெல்லாவுக்குப் புடிக்கும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க பாட்டைக் கேட்டியா? சுருதியில நிக்கவே இல்லை. ரெண்டாம் குரல் இல்லைன்னா அப்படித்தான்" என்றார்.

"ரெண்டாம் குரல் யாருங்க?"

"தெரியாதா? கிறிஸ்மஸ் கேசட் உங்க கடையிலதான போட்டோம். அதுல ரெண்டாம் குரல் ஸ்டெல்லாதாம்மா."

அந்தக் கேசட்டை நான் கடைக்கு வருவதற்கு முன்பே பதிந்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் அதற்குச் சீட்டு நகல் எடுத்தது நான்தான். ஆர்கன் வாசித்தவர், முதல் குரல், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன், எல்லார் பெயரும் அதில் உண்டு. ஓரிடத்தில் மட்டும், "இரண்டாம் குரல்: தெரியவில்லை." முதல் குரலுக்குக் கீழே ஒதுங்கி, அதைத் தாங்கிக்கொண்டே போகும் குரல் அது. எனக்கு மிகவும் பிடிக்கும். போன டிசம்பரில் அக்காவிடமே, "இது யாருக்கா?" என்று கேட்டேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெஷினின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மூணாவது பாட்டுல அந்தக் குரல் கொஞ்சம் இறங்கிப் போகுது, கவனிச்சயா?" என்றார். யாரென்று நான் மறுபடி கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துபோயிருந்தது. உதிர்ந்து காய்ந்த யூகலிப்டஸ் பட்டைகளை மரத்தடியில் பொறுக்கிக் குவித்துத் தீ மூட்டினேன். மருதை தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சூடேற்றினார். மண் போடும் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் வாசித்தார். திருவிழாவில் வாசித்ததுபோல இல்லை, மெதுவாக இருந்தது. உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடகர் குழுவில் இரண்டு பேர் தலை மட்டும் அந்தத் தாளத்துக்கு அசைந்ததைப் பார்த்தேன். முடித்ததும் அவர் தப்பைச் சாக்கில் சுற்றி, "அண்ணனுக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் கடையில் கார்பன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். அதை நான் எழுதலாமா? மூர்த்தி அண்ணனிடம் கேட்டேன். "மறைச்சது அந்தப் புள்ளையோட இஷ்டம். நாம எதுக்குக் கிளறோணும்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டுகளில் இருப்பது என் கையெழுத்து. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தெரியவில்லை என்று இருக்கும் சீட்டு, உயிரோடு இருக்கும் மனிதரை மறைந்தவர் என்று சொன்ன சீட்டைப் போன்றதுதான். ஊரெல்லாம் பின்னால் நின்றவர்களின் பெயரைத் தேடியவர் தன் கேசட்டில் பெயர் இல்லாமல் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம், "எழுதுன கை உன்னோடது. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, மூர்த்தி அண்ணனே தாள் கட்டைப் பிரித்துக் கொடுத்தார்.

நான்கு ஞாயிறுகளாகப் புதுச் சீட்டோடு போய்க்கொண்டிருக்கிறேன். ஏற்றங்களில் தனியாகத்தான் ஏறுகிறேன். அரவங்காடு முடிந்துவிட்டது. கேத்தியும் இத்தலாரும் பாக்கி. உங்கள் வீட்டில் அந்தக் கிறிஸ்மஸ் கேசட் இருந்தால் சீட்டை எடுத்து வையுங்கள். கதவைத் தட்டுவது நான்தான். பேச்சு சத்தமாக வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கையெழுத்தில் இருக்கும் முதல் சீட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அவர் எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்:

"இரண்டாம் குரல்: ஸ்டெல்லா, குன்னூர். கேசட் கடையில் வேலை பார்த்தார். மூன்றாவது பாட்டில் குரல் இறங்கவில்லை. பல தடவை கேட்டுப் பார்த்தேன். தன் பெயரை ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை."