சீட்டில் ஏற்றிய ஸ்பாஞ்ச்

நான் மைசூரில் நர்ஸ். மேட்டூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பைக்கில் போய்வந்தால் இடுப்பு விட்டுப்போகும். என் புலம்பல் தாங்காமல் கணவர் சீட் முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் ஏற்றினார். அதன்பிறகு அவருக்கு நுனிக்கால்தான் தரைக்கு எட்டியது.

“பழகிடும், நீ ஏறும்மா” என்றார்.

சொகுசாகத்தான் போனோம். மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தினார்கள். சாலையோரம் பள்ளம். அவர் ஊன்றப்போன கால் தரையைத் தொடவே இல்லை. நின்ற வண்டி சாய்ந்து என் கணுக்கால்மேல் விழுந்தது.

நாளெல்லாம் நின்று பார்க்கிற வேலைக்கு இனி போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சீட்டைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டோம். அவருக்கு இப்போது இரண்டு பாதமும் நன்றாகப் பதிகிறது. பிரித்தெடுத்த ஸ்பாஞ்சை என் காலுக்கு அடியில் வைத்துத்தான் படுத்திருக்கிறேன்.