தெருவைப் பார்த்துக் கட்டிய ஒலிபெருக்கி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு வானொலி நிலையத்தில் கன்னட அறிவிப்பாளராக இருந்தேன். எங்கள் நேயர்களைத் தொலைக்காட்சி இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவர்களைத் திரும்பப் பிடிக்க விஜயநகரில் ஒரு சங்கீத சபாவோடு கூட்டுச் சேர்ந்தோம். மண்டபமும் வித்வான்களும் அவர்கள் பொறுப்பு. மைக்கும் நேரடி ஒலிபரப்பும் எங்களுடையது. சபா செயலாளர் தமிழர், ஆர்வக்கோளாறு. "உள்ளே இருக்கறவா மட்டும் கேட்டா போதுமா? ரோட்ல போறவாளும் கேக்கட்டுமே" என்று தெருவைப் பார்த்து ஒலிபெருக்கி கட்டிவிட்டார்.

காவிரித் தகராறில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். தமிழ்ப் பலகை வைத்த கடைகளில் கண்ணாடி மிஞ்சவில்லை. கச்சேரியைத் தள்ளிப்போடுங்கள் என்று நிலைய இயக்குநரிடம் கெஞ்சினேன். சங்கீதத்துக்கு ஏதம்மா பாஷை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடி வாங்கப்போவது அவர் இல்லையே.

அந்தக் கச்சேரிக்கு மிருதங்கம் என் அண்ணன். அடுத்த மாதம் எங்கள் நிலையத்திலேயே நிலைய வித்வான் வேலைக்கு அவனுக்குத் தேர்வு. கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு அந்த வேலைக்காகக் காத்திருந்தான்.

கச்சேரி அன்று நான் ஸ்டுடியோவில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துச் சத்தம் தொலைபேசி லைனில் வந்தது. மூன்றாவது பாட்டு தமிழ். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பல்லவி முடிவதற்குள் கும்பலாக வந்துவிட்டார்கள்.

கண்ணாடி உடைந்தது. தமிழ்ப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் கூச்சல். பெண்கள் அலறினார்கள். வயலின் பிளந்தது. பிறகு கையில் வேண்டாம் என்று அண்ணனின் குரல், தமிழும் கன்னடமுமாக: "கை பேடா! தலையில வேணா அடிங்க, கை பேடா!" கட்டையால் அடி விழுந்தது. மறுபடி விழுந்தது. அவன் கத்துவது நிற்கவே இல்லை.

ஒலிபரப்பு பாதியில் அறுந்தால் அறிவிப்பாளர் உடனே வருத்தம் சொல்லி இசைத்தட்டு போட வேண்டும். வானொலியில் மௌனம் கூடாது. பொறியாளர் லைனை வெட்டினார். என் மைக் திறந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று சுத்தமான கன்னடத்தில் சொன்னேன். வீணை இசைத்தட்டைச் சுழலவிட்டேன். அதன் பிறகுதான் வாந்தி எடுத்தேன்.

அந்த வாரம் நேயர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. நின்றுபோன கச்சேரி மறுபடி எப்போது என்று கேட்டிருந்தார்கள். இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; சபாவோடு அடுத்த கச்சேரிக்கு நாள் குறிக்கச் சொன்னார். கடிதங்களை வாரி அவர் மடியில் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை.

அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன. இனி அவை மடங்கா என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். ஒலிபரப்பு சரியாகப் போகிறதா என்று பார்க்க, செயலாளர் மேடைக்குப் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தாராம். அடி விழுந்துகொண்டிருக்கும்போதே அதில் நான் பேசியிருக்கிறேன்.

"நீ சொன்னது கேட்டுது," என்றான். "குரல் கொஞ்சம்கூட நடுங்கலையே. எப்படிடீ?"

அதுதான் அண்ணா என் உத்தியோகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுடைய உத்தியோகம் அந்தக் கை மாவுக்கட்டுக்குள் முடிந்துபோயிருந்தது.